குளம் சுற்றும் கூட்டத்தின் கடைசிச் சைக்கிள்

குளம் காட்டுகிற தொழிலில் குளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. மழை பெய்யாத வருடத்தில் குளத்துக்கும் நாங்கள்தான்.

அடுத்தவரின் ஓய்வுநாளில் சிரித்த முகத்தோடு வேலை செய்கிறவர்களே, தட்டு ஏந்துகிறவர்களே, பஸ்ஸில் மைக் பிடிக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதில்லை. இத்தாலிய நகரமான பலெர்மோவில் ஒரு சின்னச் சுற்றுலாக் கந்தோரில் வேலை செய்கிறேன். ஆட்களைச் சைக்கிளிலும் நடையிலும் குளங்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவோம். முதலாளி லொரேதானா முன்னால் போவார். நான் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் வருவேன். பிந்துகிறவர்களைக் கூட்டி வருவதும், கழன்ற செயினை மாட்டுவதும் என் பாடு. முதலில் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கிற அந்தக் கந்தோரைக் கூட்டித் துடைக்கத்தான் போனேன். ஒருநாள் லொரேதானா, "வாசுகி, உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா?" என்று கேட்டார். வன்னியில் வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

முதுகில் வைத்த கை

முதல் பயணம். மலைக்கு மேலே இருக்கிற அணைக்குளத்தைச் சுற்றி ஓட்டம். தொரினோவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி கூட்டத்தில் இருந்தார்கள். கணவர் லொரேதானாவுக்குப் பக்கத்தில் கதைத்துக்கொண்டே போனார். மனைவி ஒவ்வொரு வளைவிலும் பின்தங்கினார். ஏற்றத்தில் நின்றார், தண்ணீர் குடித்தார், ஒரு பூவைப் பார்த்தார், மறுபடியும் நின்றார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் களைத்துப்போன சிநேகிதியை எப்படிக் கூட்டிப்போவோமோ அப்படியே ஒரு கையை அவர் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் ஏதோ சொன்னார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன். கூட்டத்தை எல்லாம் கடந்து கணவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பெருமையோடு மூச்சு வாங்கினேன். கணவர் உடனே கதையைத் தொடங்கினார். அந்த அம்மா என் காதுக்குள் சொன்னார்: "மகளே, நான் களைத்துப் பின்னால் வரவில்லை, நாற்பது வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கொஞ்சம் அமைதி கிடைத்தது."

தண்ணீர் இல்லாத குளம்

அந்த வருடம் மாரியில் மழை இல்லை. நகரத்தில் வீடுகளுக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். லொரேதானாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் பயணத்தை நானே நடத்தவேண்டியதாயிற்று. காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் ஆட்களை வான் வண்டியில் ஏற்றினேன். வழிநெடுக என் உடைந்த இத்தாலியனில் நாரையைப் பற்றியும், தலையில் கொண்டை வைத்த முக்குளிப்பானைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனேன்.

வளைவு திரும்பியதும் என் வாய் நின்றுவிட்டது. குளத்துக்குப் பதிலாக வெடித்த சேறு. வள்ளங்கள் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. நடுவில் சின்னக் குட்டையாக மிச்சத் தண்ணீர் இருந்தது. அதற்கு நடக்கவே அரைமணி நேரம் பிடிக்கும். எல்லாரும் கழுத்தில் தொங்கிய பைனாக்குலரைத் தொட்டுக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஏதோ முழுக்குளத்தையும் இரவோடு இரவாகக் குடித்துவிட்டவள் மாதிரி ஒவ்வொருவரிடமும் போய், "ஸ்கூசி, ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டேன். கரையில் தூண்டிலோடு வந்து, போட இடமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கிழவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் சொன்னார்: "விடுங்கள், சிஞ்ஞோரா, இதற்கு வெட்கப்படவேண்டியவர்கள் தண்ணீர்க் கந்தோரில் நிழலில் இருக்கிறார்கள், இந்த வெயிலில் வந்து நிற்கவில்லை."

எங்கடை ஆக்கள்

ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வாரம் முழுக்கச் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை செய்துவிட்டு ஞாயிறன்று அறைக்குள் படுத்திருக்கிறார்களே, ஒருதரம் குளத்துக்குக் கூட்டிப்போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. லொரேதானா சந்தோஷத்தோடு சம்மதித்து, தானும் வந்தார். நடைப்பயணம் என்று நான் தெளிவாகச் சொல்லித்தான் இருந்தேன். வந்தவர்கள் சோற்றுப் பானை, இறைச்சிக்கறிச் சட்டி, பாய், பாட்டுப் பெட்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். முதல் மரநிழல் வரைக்கும் நடந்தார்கள். அத்தோடு நடை முடிந்தது.

லொரேதானா சளைக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த சிவம் அண்ணையிடம் பைனாக்குலரைக் கொடுத்து, நாணலுக்குப் பக்கத்தில் நீந்திய கறுப்பு நீர்க்கோழிகளைக் காட்டினார். அண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம், "பிள்ளை, இதைச் சாப்பிடலாமோ எண்டு கேள்" என்றார். லொரேதானா ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அது என்ன சாப்பிடும் என்று கேட்கிறார்" என்று மாற்றிச் சொன்னேன். லொரேதானாவுக்குக் கண் கலங்காத குறை. இப்படி அக்கறையான கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை என்று சொல்லி, நீர்ப்பாசி, இளந்தளிர், நத்தை, பூச்சி என்று நீளமாக விளக்கினார். நான் அதை ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஓம் பிள்ளை, இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிடுறது எண்டால், இறைச்சி பஞ்சு மாதிரித்தான் இருக்கும்."

முழங்கால் தண்ணீர்

இதை எழுதுவோமா விடுவோமா என்று யோசித்தேன். மேற்குக் கடற்கரையில் பூநாரைகள் வருகிற ஒரு சதுப்பு. அங்கே நடப்பதற்கு ஒடுங்கிய பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர், தொன் வீத்தோ என்று கூப்பிடுவோம், எனக்குச் சற்று முன்னால் நடந்தார். மேலே பறந்த பறவையைப் பார்த்துக்கொண்டே காலை வைத்தார். பலகை தப்பியது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. கால்கள் புதைந்து, இழுக்க முடியாமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பின்னால் வருகிறவள் நான்தானே. இறங்கவேண்டியவள் நான்.

என் கால் அசையவில்லை. போரின் கடைசி நாட்களில் எங்கள் ஊர்க் கடல்நீர்க் களப்பைக் கடந்து வந்தவள் நான். நெஞ்சளவு தண்ணீர். தங்கச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடியில் காலில் தட்டுப்பட்டவை மரக்கட்டைகள் இல்லை. அதற்குப் பிறகு அடி தெரியாத தண்ணீருக்குள் நான் கால் வைத்ததில்லை. வைக்கவேண்டி வரும் என்றும் நினைத்ததில்லை. மஞ்சள் சட்டையோடு பலகையில் சிலை மாதிரி நின்றேன். கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி, அவருக்கே அறுபது வயது தாண்டியிருக்கும், திரும்பி ஓடிவந்து சப்பாத்தோடு இறங்கினார். வேறு இரண்டு பேரும் சேர்ந்து தொன் வீத்தோவைத் தூக்கினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னை ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

திரும்புகிற வான் வண்டியில் எனக்குப் பக்கத்துச் சீட்டில், சேறு காய்ந்த காற்சட்டையோடு அவர் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். களப்பு வெளியே வந்துவிட்டது. என் புருஷனிடம்கூட முழுசாகச் சொல்லாததை, அரைகுறை இத்தாலியனில், பெயர் மட்டும் தெரிந்த ஒரு தையற்காரரிடம் அழுதழுது சொன்னேன். அவர் சட்டைப் பையில் துழாவி ஒரு கைக்குட்டையை எடுத்தார். அதிலும் சேறு. அதையே நீட்டிக்கொண்டு சொன்னார்: "சிஞ்ஞோரா, சேற்றில் விழுந்தது நான், அழுவது நீங்கள், பார்க்கிறவர்கள் நான்தான் உங்களைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்கப்போகிறார்கள்."

தெரியாத ஆள்

லொரேதானாவிடம் எதையும் மறைக்கவில்லை. வேலையை விடுகிறேன் என்றுதான் போய் நின்றேன். அவர் ஒரு நீளக் கயிறு வாங்கினார். இனித் தண்ணீருக்குள் தான் இறங்குவதாகவும், கரையில் நின்று கயிற்றைப் பிடிப்பது என் வேலை என்றும் முடித்துவிட்டார். அதனால்தான் மகள் ஆரணியின் வகுப்பு குளம் பார்க்க வந்தபோதும் கடைசிச் சைக்கிளில் நானே இருந்தேன்.

முதல்நாள் சமைத்துக்கொண்டிருந்த என்னை மகள் குசினிக்குள் மறித்து, "அம்மா, பெர் ஃபவோரே, நாளைக்கு என்னைத் தெரியாத மாதிரி இருங்கோ" என்று கெஞ்சினாள். பதினாலு வயது. என் மஞ்சள் சட்டையும் என் இத்தாலியனும் அவளுக்கு வெட்கம். அந்த வயதின் வெட்கம் எல்லாம் எனக்குத் தெரியாததா? "ஓம்" என்றேன். அடுத்தநாள் சொன்ன சொல் தவறவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டேன், அவளுக்கு மட்டும் கையில் கொடுத்தேன். எல்லாரிடமும் பெயர் கேட்டேன், அவளிடமும் கேட்டேன். பாதிவழியில் அவளுடைய செயின் கழன்றது. பக்கத்தில் போய் நின்று, "சிஞ்ஞோரினா, உதவி வேண்டுமா?" என்று இத்தாலியனில் மரியாதையாகக் கேட்டேன். முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் சைக்கிளை நிறுத்தி விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் முகம் சிவந்து, எல்லாருக்கும் கேட்கத் தமிழில் கத்தினாள்: "அம்மா, பாஸ்தா, போதும்! உங்கடை மூக்கும் என்ரை மூக்கும் ஒண்டு எண்டு ஹெல்மெட் போடேக்கையே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, செயினைப் போடுங்கோ!"

பறவை பறப்பதைக் காட்டுவோம் என்று எங்கள் கந்தோர் ஒருபோதும் உத்தரவாதம் தருவதில்லை. என் மானம் பறப்பதை மட்டும் எந்தப் பருவத்திலும், பைனாக்குலர் இல்லாமலே பார்க்கலாம்.