ஆயம்மா பிள்ளைகளைத் தூக்காத இரண்டு மாதம்

பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை இன்னொருவர் உயிருக்காக மீறினால், அது பொய்ச் சத்தியம் ஆகுமா? ஏழு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. ஆகாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் வரும்போது மட்டும் அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

அப்போது நான் எஹலியகொடைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்தேன். மகளுக்கு ஒன்றே கால் வயது. றப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியும்போதே குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில்தான் அவளையும் விடுவேன். பதினொரு குழந்தைகளுக்கு ஓர் ஆயம்மா. ஐம்பதைத் தொட்ட வயது, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், எந்த அழுகைக்கும் பதறாத குரல். என் மகளைக் கண்டால், “வந்துட்டாங்க தொரசாணி, ஏன் இன்னைக்கு லேட்டு?” என்று விசாரிப்பார். அவரிடம் விட்டால் எனக்கு வகுப்பில் மனம் நிற்கும். வேறு யாரிடம் விட்டாலும் நிற்காது.

ஒரு நாள் ஒன்று கண்ணில் பட்டது. மகள் யாரிடமும் ‘தூக்கு’ என்று கை நீட்டுவதில்லை. நான் குனிந்தால், அவள் பொத்தென்று உட்கார்ந்து பக்கத்துத் தரையைத் தட்டுவாள். நான் உட்கார வேண்டும். அவள் மடியில் ஏறிக்கொள்வாள். தோளில் பலம் இல்லையோ, மூளையில் ஏதாவது குறையோ என்று நான் கலங்கிப்போனேன். கணவர் சிரித்தார். படித்தவள் நிறைய யோசிப்பாள் என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளே மறுபடி கலங்கினேன்.

அந்த வாரம் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் நாளில் மடுவத்துக்குப் போனேன். அங்கே இன்னும் நாலு குழந்தைகள் அதே மாதிரி தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஆயம்மாவைக் கவனித்தேன். தரையில் உட்கார்ந்தபடியே எல்லாம் செய்தார். கைக்குழந்தைகளின் துணித்தொட்டில்களை இடுப்புயரத்திலிருந்து தரைக்கு ஒரு சாண் மேலே இறக்கிக் கட்டியிருந்தார். நடக்கிற பிள்ளைகளைத் தரையைத் தட்டிக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையையும் அவர் தூக்கவில்லை.

எல்லோரும் போனபிறகு, ஏன் பிள்ளைகளைத் தூக்குவதில்லை என்று கேட்டேன்.

“வாயு டீச்சர். வேற ஒண்ணுமில்ல.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மாசமிருக்கும். தூக்குனா, மேடு ஏறுனா, நெஞ்ச சுத்திக் கயிறு போட்டு இறுக்குறாப்புல வரும். தாடை வரைக்கும் இழுக்கும். குளுந்த வேர்வை. செத்த உக்காந்தா போயிரும்.”

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “நெஞ்சு வருத்தக்காரின்னு பேரு வந்தா எவ புள்ளைய உடுவா? நீங்களே உடுவீங்களா?” என்றார். நான் தயங்கியதை அவர் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்து, மடியில் இருந்த என் மகளின் தலையில் வைத்தார். “யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு இவ மேல சத்தியம் பண்ணுங்க.” பண்ணினேன்.

மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள், மகளைக் காட்ட இரத்தினபுரிக்குப் போகிறேன், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி அவரை அழைத்துப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது அவர் இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் கடையில் தொங்கிய சட்டைகளைப் பார்ப்பதுபோல் நின்றார். வந்ததுதான் வந்தோம், வாயுவுக்கும் ஒரு மருந்து எழுதி வாங்குங்கள் என்றேன். அதற்குச் சம்மதித்தார்.

டொக்டர் இளம்பெண். ஆயம்மாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். ஏப்பம், வயிற்று எரிச்சல், காரம் சேரவில்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். டொக்டரும் சிரித்தபடி மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்து கதவுவரை வந்துவிட்டோம். வரிசையில் அடுத்தவர் உள்ளே வர நின்றார். நான் திரும்பி, என் அரைகுறைச் சிங்களத்தில், “இவர் பதினொரு பிள்ளைகளைப் பார்க்கிறவர். இரண்டு மாதமாக ஒரு பிள்ளையையும் தூக்கவில்லை” என்றேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். மேடு ஏறினால் வருமா, நின்றால் போகுமா, தாடைக்கு இழுக்குமா என்று கேட்டார். ஆயம்மா என்னையே பார்த்தார்; ஆமாம் என்று நான்தான் சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள். அன்றைக்கே வார்ட்டில் படுக்க வைத்தார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டொக்டர் சொன்னார். “நானும் வாயுவுக்குத்தானே எழுதினேன்” என்றும் சொன்னார்.

நான் பார்க்கப் போனால் ஆயம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. சத்தியம்தான் கேட்கிறது என்று நினைத்து, மூன்றாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வார்ட்டுக்கே ஓடினேன். ஆயம்மா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “பல்லு வருது டீச்சர். அதுக்குப் போயி சாமிய இழுக்குறீங்க. சத்தியம் வாங்குனது நான், வேணாம்னு விடுறதும் நான். போங்க, புள்ளைக்குக் கஞ்சி குடுங்க.”

விஷயம் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் பயந்ததுபோலவே சில தாய்மார் முகம் சுளித்தார்கள். பால் நிறுக்கும் இடத்தில் பேச்சு முற்றியபோது, இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருத்தி வாளியைக் கீழே வைத்தாள். “தூக்கத்தானே ஏலாது? பாக்க ஏலும்ல? தூக்குறதுக்கு இன்னொரு பொம்பளைய போடச் சொல்லுவோம். ஆயம்மா மட்டும் இல்லன்னா ஒங்க புள்ளைங்கள என்ன, மரத்துலயா கட்டுவீங்க?” பெண்கள் எல்லோருமாகப் போய்த் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டார்கள். இரண்டாவது ஆள் வந்தாள். ஆயம்மா மாத்திரைகளோடு இன்னும் நாலு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றார். இப்போது நிவித்திகலையில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் போனபோது எனக்கு அவரே தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அவருக்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் தாங்களாகவே நெஞ்சைக் காட்டப் போனார்கள். ஒருத்திக்கு இரத்தம் குறைவு என்று தெரிந்தது. மற்றவளுக்கு உண்மையிலேயே வாயுதான். திரும்பி வந்து எல்லோருக்கும் ஏப்பம் விட்டுக் காட்டினாள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் நாத்தனார். குருவிட்டையில் இருக்கிறார், நாற்பத்து நாலு வயது. துணி துவைக்கும்போது கை உளைகிறது, மூச்சு வாங்குகிறது என்கிறார். அவர் எதையும் மறைப்பதில்லை, மறுப்பதும் இல்லை. தன் மகளின் பாடசாலைச் சோதனை முடியட்டும், அப்புறம் போவோம் என்கிறார். சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். இந்தக் குறிப்பு அச்சாவதற்குள் எப்படியாவது அவரைக் காட்டிவிட்டு வந்திருப்பேன் என்று நம்புகிறேன். ஆனால் ‘அப்புறம்’ என்று சொல்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தே இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்களை அன்றைக்கே எழுப்பிக் கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால், முதலில் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.