தெர்கெலினின் ராணியும் மாமியின் கெட்டிலும்

தெர்கெலின் தாரிகனிடம் அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிறந்தது, படித்தது, காலமெல்லாம் மேடான் நகரத்துக்கு ஆரஞ்சுப்பழ லாரி ஓட்டியது, பிள்ளைகளைக் கரையேற்றியது எல்லாவற்றையும் ஒரே தாண்டாகத் தாண்டி, "முதல்ல மந்திரியக் குடுத்தேன்" என்று ஆரம்பிப்பார். எங்கள் ஊர் நாய்களுக்குக்கூட அந்தச் செஸ் ஆட்டம் மனப்பாடம். வருஷத்துக்கு வருஷம் அவர் பலி கொடுத்த காய்கள் பெருகிக்கொண்டே போகின்றன. போன அறுவடைத் திருவிழாவில் மூன்று யானைகளைக் கொடுத்துவிட்டார். பெட்டியில் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கச் சுவையாக இருந்தது.

நான் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அன்று அங்கே இருந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கை தவறிக் கொஞ்சம் உப்பு கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையில் பெண்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள், ஆண்கள் காப்பிக் கடையில் செஸ் பலகையைப் பார்த்துக்கொள்வார்கள். சினாபுங் எரிமலை சாம்பலைக் கொட்டியபோது, கடையில் இருந்தவர்கள் பலகையை ஒரு ஊது ஊதிவிட்டு, "யாரு ஆடணும் இப்ப?" என்று கேட்டார்களாம். இந்த ஏற்பாட்டுக்கு அடங்காத ஒரே பெண் நாந்தே மாலெம், அதாவது மாலெமின் அம்மா. தெர்கெலினுக்குத் தாய்மாமன் மனைவி. பகலெல்லாம் முட்டைக்கோசுக்கு மண் அணைப்பார். பொழுது சாய்ந்ததும் தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கடைக்கு வந்து, வரிசையாக மூன்று ஆண்களைத் தோற்கடித்துவிட்டு உலை வைக்கப் போவார். இடது கன்னத்தில் புகையிலை உருண்டை ஒன்று எப்போதும் அடங்கியிருக்கும். அது வலது பக்கம் போய் அன்றுவரை நான் பார்த்தது ஒரே முறை, மாலெம் சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது. அவர் பயந்தால் அது இடம் மாறும். இதை வேறு யாரும் கவனித்ததில்லை.

தெர்கெலின் மீசை முளைத்த நாளிலிருந்து மாமியிடம் தோற்றுக்கொண்டிருந்தார். கடையில் தோற்றது போதாமல் மாமி வீட்டுக்கே தோற்கப் போனபோது மாலெம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகென்ன? தாய்மாமன் மகள், கட்டிக்கொள்ள வேண்டியவள்தான். இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை முகத்தில் மட்டும் இருட்டு.

காரணம் ரெபு. எங்கள் வழக்கப்படி, சம்பந்தம் பேசி வெற்றிலை மாற்றிய நொடியிலிருந்து மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது, எதிரெதிரே உட்காரக் கூடாது, கைக்குக் கை எதையும் கொடுக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தூணிடமோ பூனையிடமோ சொல்லலாம். மாமியை ஒரு முறைகூட ஜெயிக்காமல் அவருக்கு மருமகனாகிவிட்டால், அந்தத் தோல்வி செத்தாலும் தீராது. ஆகவே தெர்கெலின் முதலில் மக்காச்சோள அறுவடையைச் சொல்லித் தேதியைத் தள்ளினார். அடுத்து கடைவாய்ப் பல்லைச் சொல்லித் தள்ளினார்.

"ஏன் இம்பால்," என்றாள் மாலெம். அத்தை மகனை அப்படித்தான் கூப்பிடுவோம். "நீ எங்க வீட்டுக்கு வர்றது என்னைக் கட்டிக்கவா, எங்கம்மாவ மடக்கவா?"

"ரெண்டும்தான்."

"எது முதல்ல?"

தெர்கெலின் பல்லைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் பெரியவர்கள் பொறுமை இழந்து, கோழியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தம் பேசக் கிளம்பிவிட்டார்கள். பெண் கொடுக்கும் வீட்டார் அன்று துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். அடுப்பு, பாத்திரம் எல்லாம் பெண் எடுக்கிற எங்கள் பாடு. மாமி வீட்டுக் கொல்லையில் நான் கோழிக்குழம்புக்கு மக்காச்சோள மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத மாமி அடுப்போரம் ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பலகையைப் பரப்பினார்.

"டேய், உள்ள பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிடலாம். கடைசியா ஒரு தடவை தோத்துட்டுப் போ."

தெர்கெலின் உட்கார்ந்தார். உள்ளே பெரியவர்களின் குரல் கேட்டது. வழக்கமான நிதானமான ஆட்டத்துக்கு நேரமில்லை. எனவே மந்திரியைத் தூக்கி மாமியின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய்மேல் போட்டார். மாமி சாப்பிட்டார். அடுத்தது குதிரை. அதையும் சாப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குக் குடுக்கிற சீரை இங்கயே குடுத்து முடிச்சிடுவாரு போல!"

எங்கள் சித்தப்பா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "நாம குடுக்கிற எருமை பேசியாச்சு. இனிமே துணிமணிதான் பாக்கி."

"சித்தப்பா, அதுக்குள்ளயா? துணிக்கு ஒரு சண்டை போடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சினார் தெர்கெலின்.

"பொண்ணு கேக்க வந்த இடத்துல சண்டையா?"

"சாயம் போகும்னு சொல்லுங்க!"

சித்தப்பா நல்லவர். போய்ச் சொன்னார். உள்ளே குரல் உயர்ந்தது. அந்தச் சந்தில் தெர்கெலின் ஒரு யானையைக் கொடுத்தார். ஒரே ஒரு யானை. மாமியின் ராஜா கோட்டையை விட்டு வெளியேறி, பனியில் சட்டையில்லாமல் நிற்பவன் மாதிரி பலகையின் நடுவே வந்து நின்றது. அப்போது தெர்கெலின் ராணியை எடுத்து, யாரும் வெட்டலாம் என்கிற இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"பைத்தியம் முத்திடுச்சு" என்றார் பன்றி வாட்டிக்கொண்டிருந்தவர். அன்று அந்தப் பன்றி ஒரு பக்கம் கரியாகிப் போனது.

மாமி குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டியோடு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ராணியை வெட்டினார். தெர்கெலின் மிச்சமிருந்த குதிரையால் "செக்" என்றார். ராஜா போக ஒரே கட்டம், போனது. இனி ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் ஆட்டம் முடிந்தது. அவர் கையை நீட்டினார்.

உள்ளேயிருந்து ஒரே குரலாக, "மெஜுவா-ஜுவா!" என்று வாழ்த்தொலி. வெற்றிலை மாறிவிட்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது. மாமி தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தெர்கெலின் இந்தப் பக்கம் திரும்பினார். மருமகன் கிடைத்ததால் உயிர் தப்பிய ராஜா உலகத்திலேயே அது ஒன்றுதான்.

விருந்தில் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மாலெம் வந்து அவரைப் பார்த்தாள், கொல்லையில் கலைக்காமல் கிடந்த பலகையைப் பார்த்தாள். அவளுக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. இருவரையும் பலகைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, முதுகுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எதைத் தள்ளணும்?"

"அந்தக் குதிரைக்குப் பக்கத்துல இருக்கிற சிப்பாய். ஒரே ஒரு கட்டம், மாலெம்!"

"தள்ளறேன். கல்யாணம் வர்ற ஞாயித்துக்கிழமை. அறுவடை கிடையாது, பல்லு கிடையாது. சரியா?"

"இன்னைக்கே வேணாலும் கட்டிக்கிறேன், தள்ளு!"

தள்ளினாள். கொல்லையே கூரை பறக்கக் கத்தியது. மாமி அடுப்பில் கொதித்த காப்பிக் கெட்டிலைப் பார்த்துச் சொன்னார்:

"கெட்டிலே, என் முதுகுப் பக்கம் ஒரு ஆளு குதிக்கிறாரு பாரு. அவருகிட்டச் சொல்லு. அந்த ராணிய வெட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வெட்டலைன்னா மனுஷன் மூணாவது தடவையும் தேதிய மாத்துவாரு. எம்பொண்ணு கிழவியாயிடுவா."

குதித்துக்கொண்டிருந்தவர் நின்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை அவரை அரிக்கிறது மாமியின் அந்தப் பேச்சு ஒன்றுதான். வேறு குறை இல்லை. மாமிக்கு இப்போது வயது மலைக்குச் சமம். இன்றும் மாலெம் நடுவில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே இருவருடைய காய்களையும் நகர்த்துகிறாள். மாமி ஜெயித்துக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் தெர்கெலின் கெட்டிலைப் பார்த்துக் கேட்பார்: "கெட்டிலே, அன்னைக்கு நிஜமாவே தெரிஞ்சுதான் வெட்டினாங்களா?"

"கெட்டிலே, சூடா இருக்கியா? ஒரு டம்ளர் ஊத்து" என்பார் மாமி.

ராணியைப் பார்த்துக் குனிந்திருந்த அந்த நேரத்தில், புகையிலை உருண்டை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போனது. நான் பார்த்தேன். வெட்டிய பிறகும் அது திரும்பி வரவில்லை. தோற்கத் தீர்மானித்தவருக்கு என்ன பயம்? மாமிக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தெர்கெலின் சுத்தமாக ஜெயித்தார்.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த திருவிழாவில் நாலாவது யானையும் வந்துவிடும்.