ரஃபி விட்ட பிடி

ரஃபி இறந்துவிட்டான். எங்கள் ஜூடோ ரஃபாயேல்.

காலையில் பெரிய மார்க்கெட் பின்பக்கம், ரிவர்ஸ் எடுத்த மீன் வேன்... அவனுக்கு இடது பக்கமாக வந்திருக்கிறது. எல்லோரும் கத்தினார்களாம். இவன் திரும்பவே இல்லையாம்.

அவனுக்கு இடது காது கேட்காது. எப்படிப் போனது என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். பாதிதான் தெரியும்.

நானும் அவனும் நெல்லித்தோப்பில் ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தோம். நான் கிக் பாக்ஸிங். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர், அங்கே கற்ற ஜூடோவை இவனுக்கும் ஏற்றிவிட்டார்.

பாரிஸிலிருந்து அவன் சித்தப்பா மகன், எல்லாச் சண்டையும் கலந்த எம்.எம்.ஏ. போட்டி டிவிடி நாலைந்து கொண்டுவந்தான். அன்றிலிருந்து கடையில் இதே பேச்சு. நின்று அடிக்கிறவன் பெரியவனா, பிடித்துப் படுக்க வைக்கிறவனா?

"இன்னாடா இது, சண்டையா கொஞ்சலா?" என்பேன்.

"நீ நிக்கிற வரைக்கும்தான்டா உதைப்ப. படுக்க வெச்சுட்டா இன்னா பண்ணுவ?" என்பான்.

கடைசியில் போட்டியே வைத்துவிட்டோம். ஒரு கல்யாண மண்டப மாடி, இரவல் மேட், என் மாஸ்டர்தான் ரெஃப்ரி. உதைக்கலாம், பிடிக்கலாம். தோற்கிறவன் கையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது நிமிடமே என் கழுத்து அவன் கைக்குள். கண் இருட்டியது. தட்டினேன். அவன் முதுகில், இரண்டு தடவை.

ரெஃப்ரி நின்ற பக்கத்திலிருந்து என் கை தெரியவில்லை. ரஃபி உடனே விட்டுவிட்டான். எதிராளி தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், ஜூடோக்காரன் கை அப்படித்தான் பழகியிருக்கும். சிரித்துக்கொண்டே எழுந்து, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினான்.

மாஸ்டர் "ஃபைட், ஃபைட்" என்றார். எழுந்து உதைத்தேன். என் வலது கால், அவன் இடது காதில்.

கோப்பை எனக்கு. தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்... வெட்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காதில் பஞ்சோடு என் வீட்டுக்கு வந்தான்.

"தட்டுனியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இல்லடா... கை வழுக்கிச்சு."

"சரி" என்றான். டீ குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை, ஜூடோ மேட் மேல் ஏறவும் இல்லை.

பீச் ரோட்டில் நடக்கும்போது மட்டும் சுற்றி வந்து என் இடது பக்கம் நடப்பான். நான் பேசுவது கேட்க வேண்டுமே.

இன்று மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள்: "எம்புள்ள யாருகிட்டயும் தோத்ததில்ல. இவன் ஒருத்தன்கிட்டதான் தோத்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இங்கே எழுதுகிறேன்... அம்மாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது என்கிற தைரியத்தில். அவ்வளவுதான் நான்.

நாளை மாலை நாலு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு கல்லறை. பெட்டி தூக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போய் வாடா ரஃபி. என்னை மன்னிக்காதே.