முதல் பக்கத்தில் இருந்த பெயர்

இதை எழுதும்போது என் மேசையில், ரிப்பேருக்கு வந்த ஒரு லேப்டாப்பின் ஜாப் கார்டு இருக்கிறது. எண் 2217. தேதி, நேரம், என் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்கு. பார்த்தது என் இரண்டு கண்கள். அதுவும் இருட்டில் இல்லை. வெயில் கொளுத்தும் பட்டப்பகலில்.

என் பெயர் ஐரின். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டின் மேல், ஒரு பேக்கரியின் மாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் தொழில். ஒரு மிஷின் நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சூடு, தூசி, லூசான ஒயர், செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்... பொறுமையாகத் தேடினால் சிக்கிவிடும். அப்படித்தான் போன ஏப்ரல் வரைக்கும் நம்பியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 10.40. அருள்பாண்டி சார் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. துணிப்பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்பது வருடத்து மாடல். பாதி எழுத்துகள் தேய்ந்த கீபோர்டு.

“திடீர் திடீர்னு ஆஃப் ஆயிருதும்மா. ஒருநாள் ஒரு மணி நேரம் ஓடுது. ஒருநாள் அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டேங்குது.”

“யாரோடது சார்?”

“என்னுதுதான்... டிபார்ட்மெண்ட் பீரோவுல கெடந்துச்சு.”

ஒரே மூச்சில் இரண்டு பதில். ஜாப் கார்டில் அவர் பெயரையே எழுதினேன்.

“உள்ள என் பிஎச்.டி. ஆய்வேடு இருக்கு. வெள்ளிக்கிழமை ஒப்படைச்சாகணும். அந்தப் பட்டம் கைக்கு வந்தாத்தான் எனக்கு துறைத்தலைவர் பதவி. காப்பி பண்ணப் போனாலே ஆஃப் ஆயிருது. எப்படியாச்சும் எடுத்துக் குடும்மா.”

லேப்டாப்பை ஆன் செய்தேன். திரையில் பயனர் பெயர் வந்தது. ‘தாமரை’.

“மக பேரு,” என்றார், நான் கேட்காமலே.

அவர் போனதும் வேலையை ஆரம்பித்தேன். பிரித்துத் துடைத்தேன். சூடு இறங்க பிராசஸர் மேல் புது பேஸ்ட் வைத்தேன். மெமரியை நான்கு சுற்று சோதித்தேன். சுத்தம். டிஸ்க்கும் சுத்தம். அடாப்டரை மாற்றிப் பார்த்தேன். பிறகு, கனமான வேலை கொடுத்து விடிய விடிய ஓடவிட்டுப் பூட்டிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் ஓடிக்கொண்டே இருந்தது. மதியம் வரைக்கும் ஓடியது. பதினெட்டு மணி நேரம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சரிதான், தூசிதான் காரணம் என்று நினைத்தேன். சாரை வரச் சொல்லி போன் செய்தேன்.

புதன்கிழமை. மதியம் 3.12.

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே நொடி லேப்டாப்பின் ஃபேன் சத்தம் ஏறியது. உய்ய்ய்ங்... நான் எந்த வேலையும் கொடுத்திருக்கவில்லை. செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க ஃபேனும் ஏறியது. அருள்பாண்டி சார் உள்ளே கால் வைத்தார்.

டப்.

திரை இருண்டது.

“பாத்தியா? இதத்தான் சொன்னேன்,” என்றார்.

டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் இறங்கியதும் ஆன் செய்தேன். ஓடியது. 3.34-க்கு அவர் திரும்பி வந்தார். டப்.

பேய் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. காரணம் தேடினேன். லேப்டாப்பின் விளிம்பில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால், மூடியை மூடிவிட்டார்கள் என்று நினைத்து மிஷின் அணைந்துவிடும். சில போன் கவர்களில், வாட்ச் பட்டைகளில் காந்தம் உண்டு. அதுதான் என்று நினைத்து எனக்குச் சிரிப்பே வந்தது. போன், வாட்ச், சாவிக்கொத்து, பெல்ட் என எல்லாவற்றையும் கழற்றி வாசல் பெஞ்சில் வைக்கச் சொன்னேன். வெறுங்கையோடு வந்து நின்றார்.

3.41. டப்.

“நீங்க வந்தா மட்டும்தான் சார் ஆஃப் ஆகுது.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “டிஸ்க்கக் கழட்டி வேற சிஸ்டத்துல போட்டு எடு,” என்றார். அடுத்த நாள் 11 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேகமாக இறங்கினார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது அந்த லேப்டாப் மேசையில் பிணம் போலப் பிரிந்து கிடந்தது. பேட்டரி தனியாக, டிஸ்க் தனியாக. ஃபேன் ஒரு எவர்சில்வர் தட்டில். டிஸ்க்கை என் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தேன். நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தானாக நிற்காத கம்ப்யூட்டர் அது. ஃபைல் ஒழுங்காகக் காப்பி ஆனது. அவரது பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன். திறந்து காட்டச் சொன்னார்.

212 பக்கம். அறுபத்திரண்டு ஊர்க் கண்மாய்கள், மடைகள், யாருக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற கணக்கு. ஊர் ஊராகப் போய் விவசாயிகள் பேசியதைப் பதிவு செய்த ஆடியோ நூற்று நாற்பது. வெயிலில் அலைந்த ஒரு ஆளின் உழைப்பு அது. பார்த்ததும் தெரிந்தது. முதல் பக்கத்தில் பெயர் இருந்தது.

ச. தாமரைச்செல்வி.

“அந்தப் பேர எடுத்துட்டு என் பேரப் போட்டுரும்மா.”

“இவுங்க யாரு சார்?”

“எங்க டிபார்ட்மெண்ட்ல ஆய்வு பண்ணுன பொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தவறிருச்சு. சும்மா கெடந்து என்னத்துக்கு ஆகப்போகுது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும்... வாடிக்கையாளர் சொல்கிறார். நமக்கென்ன என்று ஒரு நினைப்பு. நான் செய்த தப்பு அதுதான். அந்தப் பெயரைத் தேர்வு செய்தேன். அழித்தேன்.

11.26. என் கம்ப்யூட்டர் அணைந்தது.

கரண்ட் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. யுபிஎஸ் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் செத்திருந்தது. மறுபடி ஆன் செய்து ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பெயர் அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தின் தலையிலும் இருந்தது. மூன்றாம் பக்கத்திலும். கீழே தள்ளிக்கொண்டே போனேன்... தாமரைச்செல்வி, தாமரைச்செல்வி, தாமரைச்செல்வி... 212 பக்கமும்.

“எனக்கு வேணாம் சார். நான் செய்ய மாட்டேன்.”

“தள்ளும்மா. நானே மாத்திக்கிறேன்.”

என்னை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்தார். ஒரு விரலால் அழித்தார்.

11.31. டப்.

கறுத்த திரையில் எங்கள் முகங்கள் தெரிந்தன. அவருடையது. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னுடையது.

எங்கள் இருவருக்கும் நடுவில்... இன்னொன்று.

நனைந்த தலை.

சடாரென்று திரும்பினேன். யாரும் இல்லை.

டக்... டக்... டக்...

எவர்சில்வர் தட்டு.

கழற்றி வைத்த ஃபேன், எந்த ஒயரும் இல்லாமல், தட்டில் இடித்து இடித்துச் சுற்றியது.

பேட்டரி இல்லாத அந்தப் பழைய லேப்டாப்பின் திரை மெல்ல வெளுத்தது. டிஸ்க் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆனாலும் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு பெரியவர் குரல் வந்தது. “எழுதிக்க தாயி... எங்க கண்மாய்க்கு அஞ்சு மடை...”

அது நின்றது.

பிறகு ஒரு பெண்ணின் குரல். பணிவான குரல்.

“சார்...”

அருள்பாண்டி சாரின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

“சார்... என் பேரு எங்க சார்?”

அவர் நாற்காலியோடு சரிந்தார். எழுந்தார்.

“சார், எழுதுங்க சார்.”

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

11.33. ஃபேன் நின்றது.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயரை முதலில் அழித்த விரல் என்னுடையது. மேசைக்கு முன்னால் நின்று, “தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிரு தாயி,” என்றேன். எந்தச் சத்தமும் வரவில்லை. டிஸ்க்கை, பேட்டரியை, ஃபேனை எல்லாம் அதனதன் இடத்தில் மாட்டினேன். மூடினேன். லேப்டாப் சில்லென்று இருந்தது.

அருள்பாண்டி சார் அதை வாங்கிப்போக வரவே இல்லை.

சனிக்கிழமை ஆன்மேரி போன் செய்தாள். என் பள்ளித் தோழி. அதே கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். நான் எதையும் சொல்வதற்கு முன்பே படபடவென்று சொன்னாள்.

“ஐரின், நேத்து எங்க ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சுடி. அருள்பாண்டி சாரு ஆய்வேட ஒப்படைக்க வந்தாரு. வெளிய எங்கயோ பிரிண்ட் அடிச்சு, தன் பேரப் போட்டு, பைண்டிங்கெல்லாம் பண்ணிக் கொண்டாந்துட்டாரு. ஃபாரத்துல கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாரு. பாத்தா... தாமரைச்செல்வின்னு போட்ருக்காரு.”

அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு ஃபாரம் கொடுத்தாளாம். மறுபடி தாமரைச்செல்வி. இடது கையால் முயன்றார். அதே பெயர். அதே உருண்டையான, பெண்பிள்ளைக் கையெழுத்து. முதல்வர் ஓடி வந்து, “உங்க பேரச் சொல்லுங்க சார்,” என்று அதட்டியிருக்கிறார். சார் வாயைத் திறந்து திறந்து மூடினாராம். கடைசியில் அழுதுகொண்டே சொன்னது அந்த ஒரு பெயரைத்தான்.

இன்றைக்கும் அவர் வேலைக்குப் போகவில்லை. டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். பேனா கொடுத்தால் அந்தப் பெயர். கூப்பிட்டுக் கேட்டால் அந்தப் பெயர். மனைவி வீட்டிலிருக்கும் பேனாவையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறாராம். நகத்தால் சுவரில் எழுதுகிறார் என்று ஆன்மேரி சொன்னாள்.

அந்த போன் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் நான் பஸ் ஏறினேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் தாமரைச்செல்வி தன் அண்ணன் சிவபாண்டியின் பெயரையும், டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊரையும் எழுதியிருந்தாள். ஆட்டை விற்றுத் தன்னைப் படிக்கவைத்த அண்ணன் என்று எழுதியிருந்தாள். ஃபைலையும் லேப்டாப்பையும் அந்த வீட்டில் சேர்த்துவிட்டால் என் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

சிவபாண்டி முப்பத்தைந்து வயது ஆள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அம்மா முருகம்மாள் கதவோரம் நின்றார். கார்த்திகை மாதத்து மழையில், ஊர்களுக்குப் போய்விட்டு வரும் வழியில், தாமரைச்செல்வியை ஸ்கூட்டியோடு ஓடை வெள்ளம் இழுத்துப் போய்விட்டது என்று சொன்னார்கள். இரண்டாம் நாள்தான் கிடைத்தாளாம். பை தோளிலேயே இருந்ததாம்.

நான் லேப்டாப்பை எடுத்து நீட்டினேன்.

சிவபாண்டி வாங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு கையை நீட்டி, அதைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஆணியால் கீறிய இரண்டு எழுத்தைத் தடவினார். சி.பா.

“நான் கீறுனதுதான். வாங்குன அன்னைக்கு... யக்கா, இது எப்படிக்கா உங்க கைக்கு வந்துச்சு?”

கல்லூரி பீரோவில் கிடந்ததாம் என்றேன்.

முருகம்மாள்தான் பேசினார். அழவில்லை. மெதுவாகச் சொன்னார்.

“தண்ணி ஏறிச் செத்துப்போன பொட்டி தாயி அது. எம்மக ஆசையா வச்சிருந்தது. அத அவ நெஞ்சு மேல வச்சுல்ல பொதச்சோம்.”

என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மதியம் 1.50. குழியின் மேல் சிமெண்டு போட்டுப் பூசியிருந்தது. இரண்டு வருடத்துச் சிமெண்டு. குனிந்து நான்கு ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்தேன்.

ஒரு கீறல்கூட இல்லை.