புடலம்பூச் சட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் இணுவிலிலிருந்து ஒருவர் சைக்கிளில் சாவகச்சேரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். படலைக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். இழவு சொல்ல வருகிறவர்கள் உள்ளே வருவதில்லை. ஆகவே அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. என் தாய்மாமனின் மகள் அன்னலட்சுமி மச்சாள் ஒரு கிழமைக் காய்ச்சலில் போய்விட்டார். நான் உடனே அழவில்லை. அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, என் கல்யாணச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. என் கணவரின் தாயார், மாமி, வாசலில் நின்று பார்த்தார். "செத்த வீட்டுக்குப் போகேக்கை உது ஏன் பிள்ளை?" என்று கேட்டார். நான் சட்டையை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சட்டையைப் பற்றிய ஒரு பொய்யைப் பதினைந்து வருடமாக நான் காத்து வந்தேன். மச்சாளை அறிந்தவர்களும் அறியாதவர்களும் உண்மையை அறியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மச்சாள் என்னைவிட நான்கு வயது மூத்தவர். உடுவிலில் படித்தபோது வெள்ளைக்கார அம்மா ஒருவரிடம் கொக்கி ஊசியால் ரேந்தை என்னும் நூல்வலைப் பூவேலை பின்னப் பழகினார். மாதிரிப் புத்தகத்தில் இருந்தவை எல்லாம் பனி பெய்யும் தேசத்துப் பூக்கள். இரண்டு பக்கம் பின்னிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காணாத பூ கையிலை வராது" என்பது அவர் சொன்ன காரணம்.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, இருபத்தொரு வயதில் கணவரை இழந்து தகப்பன் வீட்டுக்குத் திரும்பினார். அதன் பிறகு அவருக்குப் பூ இல்லை. வளவு நிறைய நந்தியாவட்டையும் மல்லிகையும் பூத்தன. அவை ஒன்றில் சாமிக்கு, அல்லாவிட்டால் சுமங்கலிகளின் தலைக்கு. கோயிலுக்குப் பூப் பறிக்கவும் அவரை விடவில்லை. தொடாதே என்று சொன்னவர்களில் என் அம்மாவும் ஒருவர். மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் தோட்டத்தில் ஒரு புடலம் பந்தல் இருந்தது. புடலம்பூவை யாரும் சாமிக்கு வைப்பதில்லை, தலையில் சூடுவதுமில்லை. அது பூவில் சேர்த்தியில்லை, கறியில் சேர்த்தி. பொழுது படும் நேரத்தில் மச்சாள் பந்தலுக்குக் கீழே போய் நிற்பார், நானும் போவேன். மொட்டு முறுக்கு அவிழும். ஐந்து வெள்ளை இதழ்கள். அவற்றின் ஓரங்களில் சுருண்டு கிடந்த நூல்கள் மெல்ல மெல்ல நீளும். கல்லுக் கட்டித் தொங்கவிட்ட நெடுங்காய்களுக்கு நடுவே, மங்கிய வெளிச்சத்தில், தலைக்கு மேலே ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல் வெள்ளை. குளத்துத் தண்ணீருக்கு அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல இருக்கும். வீட்டிலிருந்து கூப்பிடுவது எங்களுக்குக் கேட்காது.

காய் பிடிக்காத ஆண் பூவாகப் பார்த்து ஒன்றைப் பறித்து, கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிடுவார். நூல்கள் விரிந்து நிற்க, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னுவார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் முழுவதையும் இழுத்துப் பிரித்துவிடுவார்.

"வெறும் நூலாலை என்னெண்டு பூ வருது மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நூல் வேலியடி. பூ இருக்கிறது ஓட்டைக்குள்ளை," என்றார்.

அது எனக்கு இன்றைக்கும் பாதிதான் விளங்குகிறது.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, ஒருவருக்கும் சொல்லாமல் மச்சாள் ஒரு சட்டை பின்னத் தொடங்கினார். எட்டு மாதம் பின்னினார். தோளில் முழுதாக விரிந்த புடலம்பூக்கள்; கீழே வர வரப் பாதி அவிழ்ந்தவை; முழங்கை ஓரத்தில் மூடிய மொட்டுகள். அம்மா அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அறுதலி கை பட்ட சட்டையோடை மணவறையிலை இருக்கப் போறியோ? மாப்பிள்ளை பகுதி அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?" என்றார். ஆனால் சட்டையை விடவும் அவருக்கு மனமில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கடைசியில், கொழும்பிலிருந்து எடுப்பித்தது என்று சொல்வதாகத் தீர்மானமாயிற்று.

கல்யாணத்தன்று மாமி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உது எங்கை எடுத்தது பிள்ளை?" என்று கேட்டார்.

"கொழும்பிலை," என்றேன். அம்மா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். மச்சாள் அடுத்த அறையில், கதவுக்குப் பின்னால் இருந்தார்.

சில நாள் கழித்து அவரிடம் போய் அழுதேன். "விசரி, ஏன் அழுறாய்? கொழும்புச் சாமான் எண்டால் ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டினம்," என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "தோளிலை பூ வடிவாய் விழுந்ததோ?" என்று கேட்டார். என்னை மணவறையில் அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. கடைகளில் நூலுருண்டை இல்லாமல் போயிற்று. அயலில் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டையும் தொப்பியும் பின்னுவதற்காக, மச்சாள் தாம் பின்னி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அறுதலி கை ஆகாது என்று அப்போது எவரும் சொல்லவில்லை. நூல் கிடைக்காத காலத்தில் சாத்திரமும் கொஞ்சம் இளகும். மேசை விரிப்பும், சேலை ஓரமும் நூலாகி, திரும்பப் பூவாகிப் பிள்ளைகளின் உடம்பில் கிடந்து கிழிந்துபோயின.

நாங்கள் இணுவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மச்சாளைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். தலையில் பூ இல்லை. வீடு முழுக்கத் தேடியும் அவர் பின்னியது ஒரு துண்டுகூட இல்லை. கொக்கி ஊசி மட்டும் இருந்தது. நான் சட்டையை எடுத்து அவருடைய மார்பின்மேல் வைத்தேன்.

மாமி என் கையைப் பிடித்தார். "கொழும்புச் சட்டையெல்லே? உதை ஏன் எரிக்கப் போறாய்?"

"கொழும்பில்லை மாமி. இவ பின்னினது. எனக்கெண்டு பின்னினவ. நான்தான் பொய் சொன்னனான்."

ஒப்பாரி சொன்னவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமி ரேந்தையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் முன்னால் என்னை ஏசப் போகிறார் என்று நின்றேன்.

"அப்ப வடிவாய் விரி பிள்ளை," என்றார். "பூத் தெரியட்டும்."

இரண்டு பேருமாக விரித்தோம்.

போய் வாருங்கள் மச்சாள். நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தோளிலே பூ வடிவாகத்தான் விழுந்திருந்தது.