கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கோமார்

சிமாஹி நகரில் ஊசிமருந்து செய்யும் எங்கள் கம்பெனியில் என்டினைத் தெரியாதவர்கள் இல்லை. கணவன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளை இல்லை. கேண்டீனில் அவள் சிரித்தால் நாலு மேஜை தள்ளி இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வேலை செய்யும் அறைக்குள் போய்விட்டால் மட்டும் அவளுக்கு வாய் கிடையாது. அங்கே யாருக்குமே கிடையாது. பேச்சோடு கிருமியும் பறக்கும் என்பதால் பெரும்பாலும் சைகைதான். பவுடர், மை, நகப்பூச்சு எதுவும் கூடாது. தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி, கண்களை மூடிய பெரிய கண்ணாடி.

மருந்தைக் குப்பியில் நிரப்பும் இயந்திரம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். ஐசோலேட்டர் என்போம். மருந்து நிரப்பி முடிந்ததும் இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து உள்ளே துடைப்பது எங்கள் வேலை. மேலிருந்து கீழே, ஒரே திசையில் துடைக்க வேண்டும். சிந்திய மருந்தின் பிசுக்கு போன பிறகுதான் கிருமிநாசினி. அது உலராமல் கொஞ்ச நேரம் ஈரமாகவே நிற்க வேண்டும். பிறகு சுத்த நீரால் துடைத்துக் கதவை மூடினால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி உள்ளே போய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த மழைக்காலத்தில் என்டினுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஓர் ஆள் வந்து நின்றார். பெயர் கோமார் என்று மட்டும் தெரியும். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களைக் ‘காங்’ என்றும் பெண்களைத் ‘தெத்தே’ என்றும் கூப்பிடுவோம். உடை மாற்றும் அறை வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. முகத்தைப் பார்க்க வாய்ப்பே இல்லை. என்டின் குள்ளம். அவள் கை எட்டாத மூலையை அவர் கேட்காமலே தன் பக்கத்திலிருந்து துடைத்துவிடுவார். கிருமிநாசினி ஈரமாக நிற்கும் நேரத்தில் புருவத்தை மட்டும் ஆட்டி ஆட்டி அவளைச் சிரிக்க வைப்பார்.

“அந்தக் கண்ணப் பாத்தா நல்ல மனுஷன்னு தோணுதுடி,” என்றாள் என்னிடம்.

அதே வாரம் கம்பெனி கேட்டுக்கு வெளியே, பாக்சோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கும் தள்ளுவண்டி முன்னால் நின்றிருந்தோம்; ஒருவர் வரிசையைத் தாண்டி முன்னால் போனார். என்டின் விடவில்லை.

“ஏங்க, நாங்கல்லாம் வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?”

“இல்லீங்க, நான் கிண்ணத்தத் திருப்பிக் குடுக்க...”

“வாயில உருண்டைய வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க!”

மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து, பக்கத்துக் கூண்டில் ஆவி விட்டிருந்தபோது அபாய மணி அடித்தது. போட்ட அங்கியோடு எல்லோரும் அவசர வழியாக முற்றத்துக்கு ஓடினோம். தலையுறை, முகமூடி எல்லாம் கழற்றி மூச்சு வாங்கியபோது என்டின் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே, அன்று பாக்சோ வரிசையைத் தாண்டிப் போய் அவளிடம் திட்டு வாங்கியவர். கண்ணைச் சுற்றி வேலைக் கண்ணாடி அழுத்திய தடம். அவளைப் பார்த்து அதே மாதிரி புருவத்தை ஆட்டினார்.

“நீங்களா காங் கோமார்?”

“நானேதான் தெத்தே. அன்னிக்குத் திட்டினப்பவே உங்களத் தெரிஞ்சுபோச்சு. கோவப்பட்டாலும் அதே கண்ணுதானே.”

“அப்ப சொல்றதுக்கு என்னவாம்?”

“எங்க பேச விட்டீங்க?”

என்டின் முற்றமே அதிரச் சிரித்தாள். முகம் மட்டும் வெட்கத்தில் சிவந்திருந்தது.

கதவு ரப்பர் நழுவியதால் கொஞ்சம் ஆவி கசிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறை முழுவதையும் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. எல்லோரும் முணுமுணுத்தோம். அவர்கள் இருவர் மட்டும் சுவர் சுவராக நிதானமாகத் துடைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வேலை முடிந்து போகும் வழியில், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கோமார் கேட்டார். யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்றவள், மறுநாளே சரி என்று சொல்லிவிட்டாள். தனியாக இருந்து பழகியவளுக்குப் பயம் இல்லாமலில்லை. “பயந்துக்கிட்டே சந்தோஷமா இருக்கேன்டி,” என்றாள்.

மேற்பார்வையாளர் ரத்னா அம்மா வாழ்த்திவிட்டு, உடனே ஷிப்டைப் பிரித்தார்.

“இனி ரெண்டு பேரும் ஒரே கூண்டுல வேணாம். மூஞ்சியவே பாத்துட்டு நிப்பீங்க.”

“மூஞ்சிதான் தெரியாதேம்மா!” என்றாள் என்டின்.

கல்யாணத்தன்று அலங்காரக்காரி என்டின் முகத்தில் பவுடரை அப்பியிருந்தாள். கோமார் பக்கத்தில் உட்கார்ந்து, “இது யாரு? என் கல்யாணப் பொண்ண எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்க, சிரித்த சிரிப்பில் அவள் தலையிலிருந்த மணப்பெண் கிரீடம் சரிந்தது.

இப்போது கம்பெனிக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தரையெல்லாம் தூசி. வாரமெல்லாம் துடைத்த கைகள்; வீட்டில் துடைக்கும் துணியை எடுக்க இருவருக்குமே மனம் வராது. வாசலில் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பார்கள்.