சவூதிப் போர்வை

லால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு சுல்தானாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், முதலில் அவள் புருஷன் நைனா முகம்மதுவின் புகழைத்தான் பாடுவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பல வருஷத்துக்கு முன்னால், நைனா சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த சமயம் அது. குழம்பு தாளித்துக்கொண்டிருந்த சுல்தானாவின் நைட்டிக் கையில் தீப்பிடித்தது. அலறல் கேட்டு ஓடிவந்தவர், கட்டிலில் கிடந்த போர்வையை உருவி அவளை இறுக்கிச் சுற்றித் தரையில் உருட்டினார். புலிப் படம் போட்ட, மொசுமொசுவென்ற பச்சைப் போர்வை. ஆசை ஆசையாக அவரே அங்கிருந்து சுமந்து வந்தது. தீ அணைந்துவிட்டது. பெண்டாட்டியைக் காப்பாற்றிய மனுஷன் என்று பள்ளிவாசல் வரைக்கும் பேர்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். புண்ணைச் சுத்தம் செய்த நர்ஸம்மா எதையோ உரித்தெடுத்துக் காட்டினார். பச்சையாக, பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது.

"நைட்டி காட்டன். எரிஞ்சா சாம்பலா உதுந்துடும். இது போர்வைம்மா, பாலியஸ்டர். உருகி சதையோட ஒட்டிக்கிச்சு. ஈரக் கோணியோ கெட்டி ஜமுக்காளமோ சுத்தியிருந்தா இவ்ளோ ஆழமா போயிருக்காது."

சுல்தானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுங்களுக்குத் தெரிய வேணாம்க்கா. ஒடஞ்சி போயிடுவாங்க."

அன்றைக்கு மூடிய வாய்தான், அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்கு இடது கை முழுசாக நீளாது. குடத்தை ஒற்றைக் கையால்தான் தூக்குவாள். வெயில் காலத்தில் அரிப்புத் தாங்காமல் தோளைச் சுவரில் வைத்துத் தேய்ப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நைனா அந்தக் கதையை எடுத்துவிடுவார். இவளும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். இந்தப் பொறுமையை எதில் கொண்டு சேர்ப்பது என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கேட்டால்தானே?

போன மாசம் அவர்கள் மகள் சாய்ரா புவனகிரிக்குத் தனிக்குடித்தனம் போனாள். வண்டியில் சாமான் ஏற்றும்போது நைனா ஒரு புதுப் போர்வையோடு வந்தார். அதே ரகம், சிவப்பு நிறம்.

"இத அடுப்புப் பக்கத்துலயே வச்சிக்கம்மா. ஒங்கம்மா இன்னிக்கி உசுரோட நிக்கிறான்னா இதனாலதான்."

சாய்ரா கையை நீட்டினாள். சுல்தானா குறுக்கே புகுந்து போர்வையைப் பிடுங்கினாள்.

"அவளுக்கு இது வேணாங்க."

"ஏன் புள்ள?"

அவள் தன் இடது கையைக் காட்டினாள்.

"இது தீயில உருகுங்க. என் கையில ஒட்டுனது நைட்டி இல்ல, அந்தப் போர்வதான். நர்ஸம்மா அன்னிக்கே சொன்னாங்க. அவ ஒரு கோணிய நனச்சி வச்சிக்கட்டும்."

நைனா அவள் கையைப் பார்த்தார்.

"அப்ப, ஒன் கைய இப்புடி ஆக்குனது நானா?"

"தீய அணச்சதும் நீங்கதாங்க."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா ஊரு பூரா பெருமயா சொன்னனே. அத்தனையும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியே புள்ள."